நுரை

சவர நுரையைப் பற்றியா ஆண்டு மலரில் எழுதுவது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுப் படியுங்கள். நிலவையும் காதலையும் பாட நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. துறவிக்கு மழிப்பதும் வேண்டா, வளர்ப்பதும் வேண்டா என்று வள்ளுவர் சலுகை கொடுத்துவிட்டார். வகுப்புக்கு வரும் நமக்கு அந்தச் சலுகை இல்லையே!

முதலாண்டில் சேர்ந்த புதிதில், “உங்கப்பா என்ன செய்யறாரு?” என்று பக்கத்தில் அமர்ந்திருந்தவன் கேட்டான். “வியாபாரம்” என்றேன். பொய். என் தந்தையார் வானூரில் சாலையோரமாக, இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தகம் நடத்துகிறார். அந்தப் பொய்க்கு நான் கட்டும் அபராதம் இக்கட்டுரை என்று கொள்க.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த இளைஞர், “இன்னாண்ணே, இன்னும் சோப்புக் கட்டியா? அமுக்கினா நுரை வர்ற டப்பா வாங்கி வைக்கக் கூடாதா?” என்றார். அப்பா சிரித்தார். மறுவாரம் டப்பாவும் வாங்கினார். ஆனால் அதைத் தொடும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சுணக்கம் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கை கற்ற ஒன்றை ஒரு பொத்தான் செய்துவிடுகிறது என்றால் யாருக்குத்தான் சுணங்காது?

டப்பாவை நான் பழிக்க வரவில்லை. அதற்குள்ளும் இருப்பது பெரும்பாலும் சோப்புதான். சமையல் எரிவாயுவின் உறவுக்காரர்களான புரொப்பேனும் பியூட்டேனும் அதை ஊதி வெளியே தள்ளுகின்றன. அவசரக்காரனுக்கு அது போதும். ஆனால் “கட்டிச் சோப்பில் நுரை வராது” என்று ஒதுக்குகிறார்களே, அது அநியாயம் என்பதே என் வாதம். நுரை வராததற்குக் குற்றவாளி சோப்பு அன்று. ஒன்று தண்ணீர், மற்றொன்று நம் அவசரம்.

நம் வீட்டுப் பெண்கள் உளுந்து ஆட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரை ஒரேயடியாகக் கொட்ட மாட்டார்கள். தெளித்துத் தெளித்து ஆட்டுவார்கள். மாவு பந்து போல எழும்பும். நுரைக்கும் இதுவே இலக்கணம். பிரஷ்ஷை வெந்நீரில் ஊற வைத்து, உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுழற்ற வேண்டும். முதலில் பசை போல் வரும். பிறகு நாலைந்து சொட்டுத் தண்ணீர், மீண்டும் சுழற்று. மீண்டும் நாலைந்து சொட்டு. பெரிய பெரிய குமிழி வந்தால் அது துணிக்குப் போடும் நுரை. சவர நுரையில் குமிழியே கண்ணுக்குத் தெரியலாகாது. ஆடைத் தயிர் போல் பளபளக்க வேண்டும். நம்மில் பலர் பத்து விநாடி தேய்த்துவிட்டுக் குழாயைத் திறந்து விடுகிறோம். பிறகு சோப்பைத் திட்டுகிறோம். மயிரைத் தண்ணீரில் ஊற வைத்து, அந்த ஈரம் காயாமல் காத்து, கத்தி வழுக்கிச் செல்ல வழி செய்வதே நுரையின் வேலை. ஊறிய மயிர் எளிதில் அறுபடும். ஊறாத மயிர் கத்தியோடு மல்லுக்கு நிற்கும். கன்னம் எரிவது அதனால்தான்.

இனித் தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் வானூர்க்காரர்களாகிய நமக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நம் காலடியில் கிடப்பது பழைய கடல். நிலவியலார் ‘வானூர் மணற்கல்’ என்றும் ‘துருவைச் சுண்ணாம்புக்கல்’ என்றும் நம் ஊர்ப் பெயர்களையே இட்டு வழங்கும் பாறைகள், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன கிரிட்டேசியஸ் காலத்தவை. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் நீரில் கால்சியம் கலந்திருக்கும். அது சோப்போடு கூடினால் கரையாத வெள்ளைத் திரியாகிப் படியும். அந்தக் கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகே நுரை கிளம்பும். முதலில் போடும் சோப்பெல்லாம் என்றோ செத்த கிளிஞ்சல்களுக்குப் படையல்! ஆகவே நம்மூரில் சோப்பின் மேல் பிரஷ் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டும். தண்ணீர் இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும்.

அப்பாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் கடையின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் மாடியிலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடித்து வைத்திருப்பார். 2003இல் மழைநீர் சேமிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்குவதற்கு முன்பிருந்தே அந்த வழக்கம் உண்டு என்று அம்மா சொல்வார். பீப்பாய்த் தண்ணீர் சவரத்துக்கு மட்டும். நாங்கள் முகம் கழுவ எடுத்தால் ஏச்சு விழும். சிறு வயதில் அதைக் கருமித்தனம் என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டாமாண்டு ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மை காணும் சோதனை வந்தது. வீட்டிலிருந்து இரண்டு புட்டிகள் கொண்டு போனேன். மழைநீர், நிறங்காட்டி விழுந்த பிறகு சில சொட்டு இ.டி.டி.ஏ.வுக்கே நீலமாயிற்று. ஆழ்குழாய் நீரோ பியூரெட் இறங்க இறங்க ஒயின் சிவப்பாகவே நின்றது. எத்தனையோ பேர் செய்யும் சாதாரணச் சோதனைதான். எனக்கு மட்டும் ஏனோ கண் கலங்கிற்று. அப்பாவின் கை கண்டிருந்ததை அடைய எனக்கு ஒரு கல்லூரி தேவைப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவைவிட வயதில் இளையவர்கள் சிலர் நாற்காலியில் அமர்ந்ததும் “வா, போ” என்பார்கள். அவர் எல்லோரையும் “வாங்க” என்பார். கன்னத்தையும் கழுத்தையும் ஒருவர் கத்திக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, அவருக்கு ஒரு ‘ங்க’ கொடுக்க ஏன் மனம் வரவில்லை? டப்பா வரட்டும், போகட்டும், அது பெரிதில்லை. அந்த ஐந்து நிமிட நுரையில் இருப்பது தொழிலறிவு என்று ஒப்புக்கொள்ளாத மனம்தான் எனக்கு உறுத்துகிறது.

சோதனை முடிந்த அன்று மாலை, கால்சியம் கதையை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “சரிடா, மழை இல்லாத வருஷம்?” என்றார். கொதிக்க வைத்தால் ஒரு பகுதி கடினம் அடியில் படிந்துவிடும், மேல்நீரைத் தெளிய வைத்து எடுக்கலாம் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தினமும் வெந்நீர் வைக்கும் அலுமினியச் சட்டியை எடுத்துவந்து என் முன் கவிழ்த்துக் காட்டினார். அடியில் நகக்கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு.

“இதுவா நீ சொல்றது?” என்றார்.