சுவருக்கு இரண்டு பக்கமும் ஆர்.சி. பள்ளிதான்

ஓட்டப்பிடாரம் பக்கம் பள்ளிகளுக்குப் பலகையில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, ஊர் வாயில் வழங்கும் பெயர் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவது ‘ஆர்.சி. ஸ்கூல்’, தென்னிந்தியத் திருச்சபை நடத்துவது ‘டி.டி.டி.ஏ. ஸ்கூல்’. பெயரில் சபை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் சபையைப் பார்ப்பதில்லை. காலை பஸ் எத்தனை மணிக்கு, வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா, கண்டிப்பு உண்டா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். பொதுவெளியில் கத்தோலிக்கக் கல்வி பற்றி நடக்கும் வாதமோ மதத்தை விட்டு நகர்வதே இல்லை. ஒரு தரப்புக்கு அது மதமாற்றத்தின் முகமூடி, இன்னொரு தரப்புக்கு அப்பழுக்கில்லாத சேவை. அங்கே படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: அது உட்கார்ந்திருப்பது அரசு உதவிபெறும் பிரிவிலா, கட்டணம் கட்டும் சுயநிதிப் பிரிவிலா என்பது. ஒரே நிர்வாகம், பல இடங்களில் ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைப் பற்றித் திருச்சபையும் பேசுவதில்லை, அதை விமர்சிப்பவர்களும் பேசுவதில்லை.

முத்துக்குளித்துறையில் இந்தப் பள்ளிகள் யாருக்காக எழுந்தன என்பதில் ஐயமில்லை. 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார் பரதவர் பிள்ளைகளைக் கூட்டித் தமிழிலேயே செபங்களை மனப்பாடம் செய்வித்தார். புன்னைக்காயலில் உழைத்த அன்றீக்கு அடிகளார் 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சேற்றினார். 1854-ஆம் ஆண்டு சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் கிடைக்கத் தொடங்கியதும், பங்குக் கோயிலை ஒட்டிய ஓலைக் கொட்டகைகள் மெல்ல மெல்ல முறையான பள்ளிகளாயின. 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானபோது, கோயில் எங்கே உண்டோ பள்ளியும் அங்கே உண்டு என்பது வழக்கமாகிவிட்டிருந்தது. கடலோரத்தில் அது மீனவப் பிள்ளைக்கு உதவியது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோன கரையில், துறைமுகத்து வேலைக்கும் கப்பல் வேலைக்கும் அரசு வேலைக்கும் போவதற்கு அந்தச் சான்றிதழ்தான் வழி. உள்நாட்டுக் கரிசலில் உளுந்தும் பருத்தியும் மழையை நம்பிக் கிடக்கும் ஊர்களுக்கும் அது எட்டியது. ஓட்டப்பிடாரம் வட்டத்துக்குள்ளேயே இந்த இரண்டு உலகமும் உண்டு: தருவைகுளத்தில் வலையும் உப்பளமும், மேற்கே போனால் மானாவாரி நிலம்.

இந்தப் பின்னணியில் சுவர் எப்போது முளைத்தது? தமிழக அரசு 1991-ஐ ஒட்டிப் புதிய பள்ளிகளுக்கும் புதிய பிரிவுகளுக்கும் மானியம் தருவதை நிறுத்திக்கொண்டது. அதன்பின் எந்த நிர்வாகம் விரிவடைய நினைத்தாலும் கட்டணம் வாங்கித்தான் விரிவடைய முடியும் என்றானது. ஆங்கிலவழிக்குப் பெற்றோர் வரிசையில் நின்ற காலமும் அதுவே. பழைய உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்திலேயே மெட்ரிக் பள்ளி வந்தது, அல்லது அதே பள்ளிக்குள் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2011-ல் சமச்சீர்க் கல்வி உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நடைமுறைக்கு வந்தபின், பத்தாம் வகுப்புவரை சுவரின் இரு பக்கமும் பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று. பயிற்றுமொழியும் கட்டணமும்தான் வேறு. உதவிபெறும் பக்கத்து ஆசிரியருக்கு அரசு விகிதத்தில் சம்பளம், சுயநிதிப் பக்கத்து ஆசிரியருக்கு அதில் ஒரு பங்கு. அதிகம் செலவழிக்கும் பெற்றோரின் பிள்ளைக்குக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆசிரியர் வாய்க்கிறார். அந்தப் பெற்றோர் இதைக் கணக்குப் பார்ப்பதில்லை. டையும் பெல்ட்டும் பள்ளி வேனும் அவர்களுக்கு வேறொரு உறுதியைத் தருகின்றன.

உதவிபெறும் பக்கம் மெலிவது ஏழைப் பிள்ளைகள் குறைந்ததால் மட்டும் நேர்வதில்லை. ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் முதல் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் ‘உபரி’ ஆகும். ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார், அல்லது ஓய்வுபெற்றவர் இடம் நிரப்பப்படாமலே போகும். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் யார் சேர்ப்பார்கள்? அடுத்த ஜூனில் இன்னும் சிலர் குறைவார்கள். அவர்களில் வசதியுள்ளவர்கள் போய்ச் சேரும் இடங்களில் அதே நிர்வாகத்தின் சுயநிதிப் பிரிவும் ஒன்று. ஆக, நிர்வாகத்தின் ஒரு கை வளர்ப்பதால் இன்னொரு கை மெலிகிறது. உதவிபெறும் பள்ளி தேய்வதற்கு அரசின் பாராமுகம் காரணம் என்று சபைத் தரப்பு சொல்வது பாதி உண்மை. பணி நியமனங்களுக்கு ஒப்புதல் கிடைக்காமல் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் வழக்குக்கு அலைவதும் உண்டுதான். மீதிப் பாதி உள்ளிருந்து நடக்கிறது.

மதத்தின் பங்கு என்ன என்று கேட்காமல் இந்த விவாதம் நகராது. கெபியில் மாதா சுரூபம், காலைக் கூட்டத்தில் செபம், தாளாளராக ஃபாதர் அல்லது சிஸ்டர்: மாணவர் கண்ணில் படும் கத்தோலிக்கம் இவ்வளவே. கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி வகுப்பு இருக்கும். மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கும்போது அந்த நன்னெறி நேரத்தைக் கணக்கும் அறிவியலும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஐந்து நூற்றாண்டு ஆகப்போகும் சமயப்பணிக்குப் பிறகும் தமிழ்நாட்டில் எல்லாச் சபைக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து 2011 கணக்கெடுப்பின்படி ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். பள்ளி மதமாற்ற இயந்திரம் என்றால் அதைவிடத் திறமையற்ற இயந்திரம் வேறில்லை. ஓட்டப்பிடாரம் தந்த வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் படித்த பள்ளிகளில் ஒன்று கால்டுவெல் பெயர் தாங்கிய சீர்திருத்தச் சபைப் பள்ளி. அங்கிருந்து வெளியே வந்தவர் சைவராகவே இருந்தார், வெள்ளையனுக்கு எதிராகக் கப்பலும் விட்டார். ஆயினும் பிற சமயப் பிள்ளை தன் வழிபாட்டை ஒளித்துவைக்க வேண்டியதில்லை என்பதைச் சபையே சொல்லவேண்டிய நிலை வந்தது. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், கிறிஸ்தவ மரபுகளைப் பிற சமய மாணவர்மேல் திணிக்கக்கூடாது, காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கவேண்டும், இயன்றால் எல்லாச் சமயத்தவருக்குமான வழிபாட்டு அறை அமைக்கவேண்டும் என்றது. வரவேற்க வேண்டிய அறிக்கைதான். ஆனால் கட்டண வேறுபாட்டால் மாணவர் பிரிந்து கிடப்பதுதான் என் கவலை.

அந்தக் கவலை சட்டப் பிரச்சினையாக மாறும் காலமும் வந்துவிட்டது. 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவிபெறுவதோ பெறாததோ எதுவானாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் சரித்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. இதற்கு முன்பே, 2021-ல், தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பவர்களில் 74 விழுக்காடு சிறுபான்மைச் சமூகங்களைச் சேராதவர் என்றது அது. சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், சமூக, பொருளாதார நிலையில் நலிந்த பிரிவு மாணவர் 8.76 விழுக்காடுதான் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது எண்ணை எடுத்ததும் சபைத் தரப்பு கோபப்படுகிறது. நாடு முழுவதற்குமான சராசரியில் தமிழ்நாட்டின் உதவிபெறும் பள்ளிகள் கரைந்துவிடுகின்றன என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. சத்துணவு சாப்பிட்டு, இலவசப் புத்தகம் வாங்கி, பஸ் பாஸில் வரும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகள் அவை. அரசுக்கும் இது தெரியும். காலை உணவுத் திட்டம் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் விரிந்தபோது தொடக்க விழா நடந்தது கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில். நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்டில் விரிந்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில். ஆணையத்தின் எண்ணுக்குத் தக்க பதில் இந்தப் பக்கத்து வகுப்பறையில் இருக்கிறது. அதை ஒவ்வோர் ஆண்டும் சுருக்கிக்கொண்டே வந்தால் நாளை நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது?

கட்டணப் பிரிவு இல்லாவிட்டால் உதவிபெறும் பள்ளியே நடக்காது என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அரசு தருவது பெரும்பாலும் சம்பளம். பராமரிப்பு மானியம் சொற்பம். கழிப்பறையும் கூரையும் ஆய்வகமும் நிர்வாகத்தின் தலையில் விழுகின்றன. இங்கிருந்து எடுத்து அங்கே போடுகிறோம் என்கிறார்கள். போடட்டும், எவ்வளவு என்று சொல்லட்டும். 2009-ஆம் ஆண்டு கட்டண முறைப்படுத்தல் சட்டப்படி நிர்ணயக் குழுவிடம் வரவு செலவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பெரிய காரியமில்லை. ஆங்கிலம் கேட்பது பெற்றோர்தானே என்பது இன்னொரு வாதம். கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம். தமிழ்வழி மாணவருக்கு நல்ல ஆங்கிலப் பாடம் தரமுடியாத நிர்வாகம் இல்லை. ஆங்கிலத்தைக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டி விற்பதில்தான் கோளாறு. கட்டணத்தை நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவில் காணலாம். அரசு மானியமின்றி, சொற்ப ஊதியத்தில் பணியாற்றிய கன்னியர் உழைப்பில் நின்ற கத்தோலிக்கப் பள்ளிகளில் 1960-களின் நடுவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் மாணவர் இருந்தார்கள். கன்னியர் குறைந்தனர், கட்டணம் ஏறியது. இன்று இருபது லட்சம்கூட இல்லை. ஏழைகள் படிக்க 1996-ல் சிகாகோவில் இயேசு சபையார் கிறிஸ்தோ ரே என்ற பள்ளியைத் தொடங்கி, மாணவர் அலுவலகங்களில் வேலை பார்த்துக் கட்டணத்தைக் கழிக்கும் ஏற்பாட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வெனிசுவேலாவில் 1955-ல் அதே சபையார் தொடங்கிய ஃபே இ அலெக்ரியா பெரும்பாலும் அரசு சம்பளத்தை வைத்தே சேரிகளுக்குப் பள்ளி கொண்டுசென்றது. நம் உதவிபெறும் முறையின் ஒன்றுவிட்ட சகோதரன். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், 1960-ல் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைக் கையகப்படுத்தியபோது, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி கட்டணம் வாங்காத தனியார் பள்ளியாகவே தனித்து நின்றது. பணம் இல்லாவிட்டால் கத்தோலிக்கப் பள்ளி இல்லை என்பதற்கு அதுவே போதிய மறுப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையும், பொருளில் ஏழைகளையும் விசுவாசத்துக்கு அந்நியரையும் தனிக் கரிசனையோடு பார்க்கச் சொல்கிறது.

சுவரின் இந்தப் பக்கத்திலும் எல்லாம் சமம் என்று சொல்வதற்கில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பட்டியலின மாணவரும், வெட்டிய மாணவர்களும் வள்ளியூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் படித்தவர்கள். அது கத்தோலிக்கப் பள்ளி இல்லைதான், ஆனால் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறம் எந்தச் சபைப் பள்ளியின் வாசலோடும் நின்றுவிடுவதில்லை. நீதிபதி சந்துரு குழுவின் 2024 அறிக்கை இதற்காகவே எழுதப்பட்டது. கத்தோலிக்கத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. பட்டியலினத்தவர் யார் என்று வரையறுத்த 1950-ஆம் ஆண்டு ஆணை காரணமாகத் தலித் கிறிஸ்தவ மாணவர் பட்டியலினத்தில் சேரமாட்டார், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் நிற்கிறார். இதை மாற்றச் சொல்லித் திருச்சபை பல்லாண்டாகப் போராடுகிறது, 2023-ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. சரியான போராட்டம். ஆனால் சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் அவர்களுக்கு உரிய பங்கு கொடுக்க எந்தப் பட்டியல் தடுக்கிறது? ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. நியமன உரிமை அரசமைப்பின் 30-ஆவது கூறின்படி நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது.

இப்போது உதவிபெறும் பள்ளிகளின் முதல் கோரிக்கை 7.5 விழுக்காடு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும் அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் தரப்பட்ட உள்ஒதுக்கீடு அது. அதே பஸ்ஸில், அதே சத்துணவில் வளர்ந்த உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. கேட்டால் கிடைக்காதது இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமே என்றுதான் 2022-ல் தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கு அது விரிவாக்கப்பட்ட விழா 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியிலேயே நடந்தது. அரசு அங்கே வைத்த அளவுகோல் தமிழ்வழி. மறைமாவட்டமும் துறவற சபைகளும் 7.5-க்காகத் தலைமைச் செயலகத்துக்குப் போகும்போது, உங்கள் தமிழ்வழிப் பிரிவில் இன்று எத்தனை பேர், பத்தாண்டுக்கு முன் எத்தனை பேர் என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கான பதிவேடு அவர்களிடமே இருக்கிறது.