அலகு குத்தும் கைகள்

தைப்பூசத்துக்குப் பல வாரங்கள் முன்பே பினாங்கின் கெலுகோர் அடுக்குமாடி வீடுகளில் மீன்சட்டி பரணேறிவிடும். ஒருவேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை, சிலருக்கு 48 நாள் விரதம். பூசத்தன்று பலர் பாற்குடம் சுமப்பார்கள். சிலர் கன்னத்திலும் நாக்கிலும் வேல் பூட்டி, முதுகில் கொக்கி மாட்டி, தண்ணீர்மலையின் 513 படிகளையும் காவடியோடு ஏறி, அருள்மிகு பாலதண்டாயுதபாணி சந்நிதியில் நேர்த்திக்கடனை முடிப்பார்கள்.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குவோர் தமிழரிலேயே உண்டு. அது நியாயமான பேச்சு அல்ல. மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளரின் குழு ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. அலகு குத்திக்கொண்டவர்களின் உடல்நிலையில் நீடித்த கேடு எதுவும் தென்படவில்லை. அதிக அலகு ஏற்றவர்களின் மனநிலையே அதிகம் தேறியிருந்தது. பிள்ளையின் நோய் தீர வேண்டிக்கொண்ட தகப்பனுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. ஏளனம் செய்பவர்களுக்குத்தான் தேவை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே அலகு இரண்டு பேர் உடலில் ஏறினால், ஒரே கை கழுவாமல் அடுத்தவரைத் தொட்டால், ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். எலுமிச்சைச் சாறோ மஞ்சள் நீரோ அதைக் கொல்லாது. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் இன்றும் காவடி எடுக்கிறார்கள். நாட்டின் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே நீரிழிவும் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு புண்கூட எளிதில் ஆறாது.

இதைத் தடுக்கக் கையுறையும் அலகைச் சுத்தம் செய்யும் நீராவிக் கருவியும் வந்தால் மரபு கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். பினாங்குத் தைப்பூசம் மாறாமல் நின்ற விழா அல்ல. நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. 2017இல் தங்க ரதமும் ஓடத் தொடங்கியது. 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்தால் கழுவிய அலகு கிருமியற்றதாகிவிடும். ரதம் செய்ய மனம் வந்த சமூகத்துக்கு இது பெரிய செலவல்ல. கோயில் நிர்வாகங்களும் காவடிக் குழுக்களும் சேர்ந்து அலகு குத்துவோருக்குப் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெற்றவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும்.

அதுவரை பக்தர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பூசத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அலகு குத்துபவரிடமும் கேளுங்கள்: ஆளுக்கொரு அலகுதானா, அதை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், ஆளுக்கு ஆள் கையுறை மாற்றுவீர்களா? தெளிவான பதில் வராவிட்டால் வேறொருவரிடம் போங்கள்.