பாதியில் நின்றவர்களின் கணக்கை வெளியிடுக
உயர்கல்விச் சமத்துவ விதிமுறைகள் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

திருப்பத்தூர், பிப்ரவரி 2026

சங்க உறுப்பினர்களுக்கும், மாவட்டத்தின் கல்லூரி நிர்வாகங்களுக்கும், திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும்:

உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு கடந்த ஜனவரி 13 அன்று அறிவித்த புதிய விதிமுறைகளுக்கு ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2012ஆம் ஆண்டின் விதிமுறைகளே தொடரும் என்றும் ஆணையிட்டது. தடையைச் சாக்காக வைத்து நம் வட்டாரத்தில் நடப்பவைதான் சங்கத்தை அவசரமாகக் கூட வைத்தன. ஒரு கல்லூரியில், புதிய விதிமுறைகள் கேட்ட சமவாய்ப்பு மையத்துக்கென்று ஒதுக்கிய அறையில் மறுவாரமே பழைய விடைத்தாள் கட்டுகள் ஏறிவிட்டன. இன்னொன்றில், சமத்துவக் குழு அமைப்பதற்காக விட்ட சுற்றறிக்கை 'மறு அறிவிப்பு வரும் வரை' என்ற ஒற்றை வரியோடு திரும்பப் பெறப்பட்டது. குழு அமைக்க மாதக்கணக்கில் யோசிக்கும் நிர்வாகங்கள் கலைப்பதற்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இந்நிலையில் செயற்குழு கூடி விவாதித்து, பின்வரும் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது.

1. தடை குறித்து

நீதிமன்றத்தின் ஆணையை மதிக்கிறோம். வழக்கு நிலுவையில் இருப்பதால் அதன் சட்ட நுணுக்கங்களுக்குள் இந்த அறிக்கை நுழையவில்லை. ஆயினும் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தார். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வி, முதுநிலை படித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். அவ்விருவரின் தாய்மார்களும் 2019இல் தொடுத்த வழக்கின் விளைவாகத்தான் இந்த விதிமுறைகள் வந்தன. ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படியேறிப் பெற்றது பதினாறு நாளில் நின்றுவிட்டது. விதி தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சத்துக்கு இந்த நாட்டில் உடனே செவி கிடைக்கிறது. நடந்து முடிந்த சாவுகளுக்கு வருடக்கணக்கில் வாய்தா.

தடை 2026ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு மட்டுமே. 2012ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவு இருந்தாக வேண்டும். பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். பதினான்காவது ஆண்டு நடக்கிறது. அந்த அலுவலர் யார் என்று மாணவரைக் கேட்டால் விழிக்கிறார். அலுவலகத்தில் கேட்டால் ஃபைலைத் தேடுகிறார்கள். ஆகவே 'தடை இருக்கிறது, ஒன்றும் செய்ய இயலாது' என்ற பதிலைச் சங்கம் ஏற்கவில்லை.

2. உடன்பாடு எட்டாத இடங்கள்

புதிய விதிமுறைகளின் எல்லாக் கூறுகளிலும் செயற்குழுவில் ஒருமித்த கருத்து இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 2025 பிப்ரவரியில் வந்த வரைவில் பொய்ப் புகாருக்குத் தண்டனை என்றொரு விதி இருந்தது. இறுதி வடிவில் அது நீக்கப்பட்டது. நீக்கியது சரி என்பது பெரும்பான்மைக் கருத்து. ஆசிரியர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு வேண்டும் என்பது சிலரின் கருத்து. இரண்டையும் கணக்கில் கொண்டு, விசாரணை 'இரு தரப்புக்கும் நியாயமாக, உரிய காலத்துக்குள்' நடக்க வேண்டும் என்ற வாசகத்தில் உடன்பட்டோம்.

சாதிப் பாகுபாட்டின் வரையறைக்குள் பிற்படுத்தப்பட்டோரைச் சேர்த்ததைச் சங்கம் கொள்கை அளவில் வரவேற்கிறது. அதே நேரத்தில் மலைப்பகுதி உறுப்பினர்கள் எழுப்பிய கேள்வியையும் பதிவு செய்கிறோம். பழங்குடி மாணவரை வகுப்பில் கேலி செய்கிறவர் எப்போதும் முற்பட்ட சாதியைச் சேர்ந்தவர்தான் என்று நம் வட்டாரத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார். ஆகவே குழுவில் பழங்குடியினர் ஒருவர் பெயருக்கு உட்கார்ந்திருப்பது போதாது; பழங்குடி மாணவரின் புகாரை விசாரிக்கும்போது அந்த உறுப்பினரின் சொல்லுக்கு எடை இருக்க வேண்டும்.

3. புகார் எழுதாதவர்கள்

இந்த அறிக்கை எழுதப்பட்டதே இந்தப் பகுதிக்காகத்தான் என்று சொன்னாலும் தவறில்லை.

சாதிப் பாகுபாடு குறித்து 2019-20இல் 173 புகார்களும் 2023-24இல் 378 புகார்களும் வந்ததாக மானியக் குழுவின் தரவு சொல்கிறது. விதியை ஆதரிப்பவர்கள் புகார் பெருகியிருப்பதைக் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள், இத்தனை பெரிய நாட்டில் இவ்வளவுதானா என்கிறார்கள். இரு தரப்பும் எண்ணுவது புகார்களைத்தான். நம் மாவட்டத்து ஜவ்வாது மலைப் பழங்குடி மாணவர் புகார் எழுதுவதில்லை. அவர் நின்றுவிடுகிறார்.

எப்படி நிற்கிறார் என்பது நம் ஆசிரிய உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பகுதிகளிலிருந்து ஒரு பையனோ பெண்ணோ உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறார். சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கிவிடும். விடுதி இடம் மட்டும் உறுதியாகாது. அதுவரை மலையிலிருந்து பஸ்ஸில் வந்து போக வேண்டும். காலை பஸ் தாமதமானால் முதல் மணி நேரம் போயிற்று. மாலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் ஆய்வக வகுப்பின் பாதியில் எழுந்து ஓட வேண்டும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். இன்டர்னல் மதிப்பெண் குறையும். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஓடிபி வரவேண்டிய போனுக்கு ஊரில் சிக்னல் இருக்காது. உதவித்தொகை வருவதற்கு முன்பே கட்டணம் கேட்கப்படும். கட்டாதவர்களின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படும். அவர் பேச்சைக் கேட்டு யாராவது சிரிப்பார்கள். சாமை அறுப்புக்குப் போனவர் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குவார். பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்பு திறக்கும்போது வரமாட்டார்.

பதிவேட்டில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதப்படும். பிறகு பெயர் அடிக்கப்படும். டி.சி. வாங்க வந்தால் 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்' என்று இருக்கும். யாரும் அவரை அடிக்கவில்லை. சாதி சொல்லித் திட்டியதற்குச் சாட்சியும் இல்லை. ஆகவே பாகுபாடு எதுவும் நடக்கவில்லை. ஆண்டு முடிவில் புகார் பெட்டி காலியாக இருக்கிறது என்று கல்லூரியைத் தரமதிப்பிட வரும் நாக் குழுவிடம் சாதனையாகக் காட்டுவோம். வெட்கக்கேடு.

நின்றவர்கள் எங்கே போகிறார்கள்? சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. சிலர் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கு. சிலரைத் தேடி ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டும் வேலைக்கு முன்பணத்தோடு தரகர்கள் வருகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டுக் கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அவர்கள் எல்லோரும் படிப்பை விட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் படிப்பு ஒரு வழியாகத் திறந்திருக்காத ஊரில் தரகருக்கு வேலை எளிது. கல்லூரிக்கு உள்ளே வந்துவிட்ட ஒருவரைத் திரும்ப அந்த வழிக்கே அனுப்பும் நிறுவனம், தன்னிடம் பாகுபாடு இல்லை என்று சொல்லிக்கொள்ள அருகதை அற்றது.

இதைப் பேசும்போதெல்லாம் அதிகாரிகள் ஒரு பெயரைச் சொல்லி வாயை அடைக்கிறார்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னை சென்று தேர்வெழுதி, சிவில் நீதிபதியாகத் தேர்வானார். 2024 பிப்ரவரியில் முதல்வர் உட்பட மாநிலமே பாராட்டியது. அவரால் எங்களுக்கும் பெருமை. ஆனால் பச்சைக் குழந்தையை விட்டு எழுந்து போய்த் தேர்வெழுதும் மனவலிமை இருந்தால்தான் மலைப்பெண் மேலே வரமுடியும் என்றால், அது அவருடைய சிறப்பு. அமைப்பின் சிறப்பு அல்ல. ஒருவரின் படத்தை பேனரில் போட்டு மற்றவர்களின் கணக்கை மறைக்காதீர்கள்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 60 இடங்கள் உள்ள வகுப்பில் அது ஓர் ஆள்கூட முழுதாக வராத கணக்கு. அப்படி வரும் ஒருவரும் பாதியில் நின்றால் அந்த வகுப்பில் பழங்குடியினர் இல்லை என்றே ஆகிறது. உள்ளே வருபவர்களை எண்ணுகிறோம், வெளியே போகிறவர்களை எண்ணுவதில்லை.

4. சாதிச் சான்றிதழ்

மேற்சொன்ன பாதுகாப்புகள் எதுவும் கையில் சான்றிதழ் இல்லாதவருக்குப் பயன்படாது. பழங்குடியினர் சான்று வழங்கும் அதிகாரம் 1989 நவம்பர் முதல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. போலிச் சான்றைத் தடுக்கும் நோக்கம் நியாயமானது. ஆனால் அந்த நோக்கத்தின் சுமை முழுவதும் உண்மையான பழங்குடியினர் தலையில் விழுகிறது. பழங்குடியினர் பட்டியலில், நம் மலை மக்களான மலையாளி இனத்தவர் மாவட்டவாரியாகக் குறிக்கப்பட்டுள்ளனர். நம் பகுதிக்கு அதில் இன்றைக்கும் இருப்பது 'வட ஆற்காடு'. அந்த மாவட்டம் 1989இல் பிரிந்தது. திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. பள்ளிப் பதிவேட்டில் மலையாளி என்பதற்குப் பதில் 'கவுண்டர்' என்று ஆசிரியர் ஒருவர் எப்போதோ எழுதியிருந்தால் அதற்குத் தனி விசாரணை. மற்றொரு பழங்குடியினரான குருமன்ஸ் சமூகத்தினரின் அலைச்சல் இதைவிடக் கொடியது. சேர்க்கை முடிந்த பிறகு வரும் சான்றிதழ் யாருக்கு?

சான்று நிலுவையில் உள்ள மாணவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள வழி காண வேண்டும் என்று சங்கம் வலியுறுத்துகிறது. (இயன்றவரை என்ற சொல்லை இங்கே சேர்க்க வேண்டும் என்று முன்மொழியப்பட்டது. செயற்குழு அதை ஏற்கவில்லை.)

5. பிற

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தரும் 5 விழுக்காடு இடங்களை நிரப்புவதோடு சாய்தளமும் கழிப்பறையும் கட்ட வேண்டும். திருநர் மாணவர்களுக்கு விண்ணப்பத்தில் மட்டுமின்றி விடுதியிலும் இடம் வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுக்களின் உறுப்பினர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாணவர்களுக்குத் தரும் மாதம் 1,000 ரூபாயை வரவேற்கிறோம். பஸ் இல்லாத ஊருக்கு அந்தப் பணம் பஸ் ஆகிவிடாது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதியின் பேரால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, சமூக உள்ளடக்கத்துக்குத் தனிச் சட்டம் கேட்டது. டெல்லியில் தடை இருக்கும் நிலையில் சென்னை அதை இயற்றலாம், யாரும் தடுக்கவில்லை.

6. கோரிக்கைகள்

ஒன்று. 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாடு தடுப்பு அலுவலரையும் எல்லாக் கல்லூரிகளும் உடனே அறிவிக்க வேண்டும். பெயரும் தொடர்பு எண்ணும் தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டு. ஒவ்வொரு கல்லூரியும், ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு ஆண்டும் பழங்குடி, பட்டியலின மாணவர்களில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் எந்தப் பருவத்தில் நின்றனர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். மாணவர் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். இதைத் தராத கல்லூரிக்கு இணைவுப் புதுப்பிப்பின்போது திருவள்ளுவர் பல்கலைக்கழகம் கேள்வி எழுப்ப வேண்டும்.

மூன்று. மலை மாணவர் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பெயரை அடிப்பதற்கு முன் கல்லூரியிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய் வர வேண்டும். பயணச் செலவு கல்லூரியுடையது.

நான்கு. வகுப்பு தொடங்கும் நாளில் விடுதி இடம் தயாராக இருக்க வேண்டும். அதுவரை பஸ் தாமதத்தால் குறையும் வருகைப்பதிவுக்கு மாணவரிடம் அபராதம் வாங்கக் கூடாது. உதவித்தொகை வராததைக் காரணம் காட்டித் தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தக் கூடாது.

ஐந்து. சேர்க்கைக்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் மலை ஊர்களிலேயே சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும். திருப்பத்தூர், வாணியம்பாடி கோட்டாட்சியர்கள் நேரில் வர வேண்டும்.

இக்கோரிக்கைகளைச் சங்கம் பேச்சுவார்த்தை மூலம் நிறைவேற்றிக்கொள்ளவே விரும்புகிறது. நிர்வாகங்களுக்கு மே மாத இறுதி வரை அவகாசம் தருகிறோம். அதற்குள் இரண்டாவது கோரிக்கையில் கேட்ட கணக்கு வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்போம். அதற்கும் மழுப்பல் பதில் வந்தால் கணக்கை நாங்களே எடுப்போம்: நின்றுவிட்டவர்களின் வீடுகளுக்கு ஊர் ஊராகப் போவோம், எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எந்த மாதம், என்ன காரணம் என்று அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுவோம், அவர்கள் ஒப்புதலோடு அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும் அதே வாரத்தில் வெளியிடுவோம். பெற்றோர் அதைப் படித்துவிட்டு எந்தக் கல்லூரியில் விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்