கொடியவனைக் கண்டு சிரிக்கலாமா?

வில்லன் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன் யார்? சிவந்த விழிகளும் முறுக்கிய மீசையும் இடிபோன்ற குரலும் உடையவன். அவனைக் கண்டால் அச்சம் வரும், ஆத்திரம் வரும். சிரிப்பு வரலாமா? அதுவும் அவன் ஹிட்லரின் படை அதிகாரியாக இருந்தால்?

அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1965 முதல் 1971 வரை ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ என்றொரு நகைச்சுவைத் தொடர் வந்தது. மொத்தம் 168 பகுதிகள். கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மனியில், ‘ஸ்டாலாக் 13’ என்னும் போர்க்கைதிகள் முகாமில். அதன் தலைவர்தான் கர்னல் கிளிங்க். வழுக்கைத் தலை, ஒற்றைக் கண்ணாடி, கையில் ஒரு பிரம்பு, நடையில் மிடுக்கு. தம் முகாமிலிருந்து ஒரு கைதியும் தப்பியதில்லை என்பது அவருடைய ஓயாத பெருமை. உண்மையோ வேறு! அமெரிக்கக் கர்னல் ஹோகனும் அவருடைய தோழர்களும் கிளிங்கின் காலடியிலேயே சுரங்கம் தோண்டி, வானொலி வைத்து, உளவும் நாசவேலையும் செய்துவருகிறார்கள். அங்கேயே இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதற்காகவே அவர்கள் தப்பிப் போவதில்லை. கிளிங்கை ஹோகன் இரண்டு வார்த்தை புகழ்ந்தால் போதும், மனிதர் உருகிவிடுவார். ‘ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிவிடுவேன்’ என்று மேலதிகாரி மிரட்டினால் நடுங்கிவிடுவார்.

“அறுபது லட்சம் யூதர்களைக் கொன்று குவித்த கூட்டத்தைக் கோமாளிகளாகக் காட்டுவது பாவமல்லவா?” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரைப் பற்றிப் படித்த எவருக்கும் இந்தக் கேள்வி எழும்; எழவும் வேண்டும்.

ஆயினும் அன்புத் தோழியரே, அந்தக் கிளிங்காக நடித்தவர் யார் என்று அறிந்தபோது நான் வியந்துபோனேன். அவர் பெயர் வெர்னர் கிளெம்பெரர். 1920-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவர். உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஓட்டோ கிளெம்பெரரின் மகன். தந்தை யூத வழியினர் என்பதால், 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அக்குடும்பம் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. பின்னர் போரில் வெர்னர் அமெரிக்கப் படையிலும் பணியாற்றினார். கிளிங்க் வேடத்தை ஏற்கும்போது அவர் ஒரு நிபந்தனை விதித்தார். கிளிங்க் ஒரு முறைகூட வெல்லக்கூடாது. என்றைக்காவது வென்றால் தாம் விலகிவிடுவதாகச் சொன்னார். அந்த வேடத்துக்காக 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கு எம்மி விருது கிடைத்தது. (தொடரில் கிளிங்க் வயலினைக் கையில் எடுத்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நடித்தவரோ உண்மையில் நன்றாக வயலின் வாசிப்பவர்!)

ஓடிவந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். சார்ஜன்ட் ஷூல்ட்ஸாக வந்த ஜான் பேனர், 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபின் தாயகம் திரும்ப முடியாமற்போன யூதர். ஜெனரல் பர்க்ஹால்டராக வந்த லியான் ஆஸ்கினின் பெற்றோர் டிரெப்லிங்காவில் கொல்லப்பட்டார்கள். இவர்கள்தாம் அந்தச் சீருடையை அணிந்து, அதைக் கேலிப் பொருளாக்கியவர்கள். தாம் அஞ்ச வேண்டியிருந்தவனைப் பார்த்து ஒருவர் சிரித்தால், ‘சிரிக்காதே’ என்று சொல்ல நாம் யார்?

இன்னொன்றும் சொல்வேன். கிளிங்கிடம் இருப்பவை என்னென்ன? தற்பெருமை, புகழுக்கு மயங்குதல், பதவி உயர்வு ஆசை, மேலதிகாரியிடம் நடுக்கம். இவை வெறும் வேடிக்கைக் குணங்களா? இல்லை என்பேன். ஹிட்லர் ஒருவனால் மட்டும் அத்தனை கொடுமையும் நடந்துவிடவில்லை. உத்தரவு என்றால் கையெழுத்திடும் சிறிய மனிதர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். 1961-இல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்ட ஐக்மன், தான் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் மட்டுமே என்றுதான் வாதாடினான். அதே 1961-இல் வந்த ஒரு திரைப்படத்தில் ஐக்மனாக நடித்தவரும் இந்தக் கிளெம்பெரரே! சிரிப்பில்லாமல் அந்த மனிதர்களைக் காட்டவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு உறுத்துவது கிளிங்க் அல்ல, ஷூல்ட்ஸ்தான். பருத்த உடல், குழந்தை முகம், இனிப்புக்கு ஏங்கும் நாக்கு. கைதிகளின் சூழ்ச்சி கண்முன் நடந்தாலும் ‘நான் ஒன்றும் பார்க்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அமெரிக்கா முழுவதும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தது. கதையில் அது நல்லவர்களுக்கு உதவுகிறது, சரி. ஆனால் போர் முடிந்தபின், அண்டை வீட்டு யூதர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டபோது எத்தனையோ பேர் சொன்ன பதிலும் இதுவேயன்றோ? கிளிங்க் ஒவ்வொரு வாரமும் தோற்கிறார். ஷூல்ட்ஸோ ஒவ்வொரு வாரமும் நம் அன்பைப் பெற்றுக்கொண்டு போகிறார். அதை என்னால் முழுமனத்தோடு ரசிக்க முடியவில்லை.

அந்தத் தொடரில் பிரெஞ்சுக் கைதி லெபோவாக வரும் ராபர்ட் கிளாரியின் இடக்கையில் ஏ-5714 என்று பச்சை குத்தப்பட்டிருந்தது. அது ஒப்பனையன்று. பாரிசில் பிறந்த அந்த யூதர், 1942-இல் பதினாறு வயதில், அதாவது என்னைவிட ஒரே வயது மூத்தவராக இருந்தபோது, குடும்பத்தோடு பிடித்துச் செல்லப்பட்டார். புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து 1945-இல் அவர் உயிரோடு மீண்டார். உடன் சென்ற உற்றாரில் வேறு எவரும் மீளவில்லை. தொடரில் காட்டியது படைவீரர்களின் கைதி முகாம், தாம் பட்டது வதைமுகாம், இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர் தெளிவாக எடுத்துச் சொல்வார். ஆனால் தாம் பட்டதைப் பற்றிப் பல்லாண்டுகள் பொதுவில் பேசாமலிருந்தவர், 1980-இல்தான் வாய் திறந்தார். அதன்பின் பள்ளி பள்ளியாகச் சென்று மாணவர்களிடம் அதைச் சொன்னார். 2022-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார்.

ஆகவே கிளிங்கைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் அந்தத் தொடரை மாணவியருக்குக் காட்டுபவர்கள் கிளாரி பிற்காலத்தில் பேசியதையும் அதே வாரத்தில் காட்டவேண்டும். என் தோழிக்கு இதில் பாதிதான் சம்மதம். ஷூல்ட்ஸ் விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே அணி.