பழைய பாணியில் புதிய விளையாட்டு: ஆடத் தகுந்ததா?

பழைய பாணியில் இன்று செய்யப்படும் வீடியோ கேம்களை விளையாடுவதால் என்ன பயன் என்ற பேச்சு நம் துறையில் ஓய்வதே இல்லை. அசலே இருக்கும்போது சாயல் எதற்கு என்கிறது ஒரு தரப்பு. அந்தக் காலத்துச் சுவை இப்போதைய பெரிய விளையாட்டுகளில் கிடைப்பதில்லை, சாயலாவது இருக்கட்டும் என்கிறது மற்றொன்று. ரசிகர்களுக்கு இந்த வாதம் போதும். விளையாட்டைச் செய்கிறவர்களுக்குப் போதாது. பழைய கன்சோல் விதித்த தடைகளில் எதை இந்த விளையாட்டு தெரிந்தே வைத்துக்கொண்டிருக்கிறது, எதைத் தெரிந்தே கைவிட்டிருக்கிறது, ஏன் என்று நாம் கேட்க வேண்டும். இதற்குப் பதில் வைத்திருக்கும் விளையாட்டை நம் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் விளையாட வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து.

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற மலிவான டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் உரிமம் பெறாத நகல்கள்தான். ஃபேமிகாமின் செயல் நினைவகம் வெறும் 2 கிலோபைட். திரை 256க்கு 240 பிக்சல். ஒரே நேரத்தில் 64 ஸ்ப்ரைட்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒரே கிடைக்கோட்டில் எட்டைத் தாண்டினால் மிஞ்சியவை திரையில் வராது. எது விடுபடுகிறது என்பதை நிரலாளர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதனால் எந்த உருவமும் அடியோடு காணாமல் போகாமல் எல்லாமே மினுக்கின. ஒரு ஸ்ப்ரைட்டுக்கு மூன்று நிறம், ஒலிக்கு ஐந்து தடம். எதிரிகள் ஏன் அளவாக வந்தார்கள், கதாநாயகன் ஏன் தடித்த நிறங்களில் இருந்தான், மெட்டு ஏன் மனதில் ஒட்டிக்கொண்டது என்பதற்கெல்லாம் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இந்தத் தடைகளோடு என்ன செய்வது என்பதற்கு இரண்டு நேர்மையான பதில்கள் ஏற்கெனவே வந்திருக்கின்றன. 2008இல் கேப்காம் வெளியிட்ட மெகா மேன் 9 முதல் பதில். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ ஆகிய கருவிகளில் வந்த விளையாட்டு அது, ஆனால் தோற்றமும் ஒலியும் என்இஎஸ் காலத்தவை. பழைய மினுக்கலைத் திரும்ப வரவைக்கும் ஒரு தேர்வைக்கூட அமைப்புகளில் வைத்தார்கள். அதைவிட முக்கியமானது, மூன்றாம் பாகத்தில் வந்த சறுக்கலையும் நான்காம் பாகத்தில் வந்த சக்தி திரட்டிச் சுடுதலையும் எடுத்துவிட்டார்கள். கதாநாயகன் கையில் இருப்பது குறையக் குறைய, ஒவ்வொரு எதிரியையும் எங்கே நிறுத்துவது என்ற முடிவு கூர்மையாகிறது. அதை அவர்கள் விரும்பித் தேர்ந்தார்கள்.

இரண்டாவது பதில், யாட் கிளப் கேம்ஸ் 2014இல் வெளியிட்ட ஷவல் நைட். அகலத் திரை, பல அடுக்காக நகரும் பின்னணி, மினுக்கலே கிடையாது. என்இஎஸ் நிறங்களோடு தேவைக்கு ஒரு சில நிறங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த விதியை ஏன் மீறினோம் என்று அவர்களே விரிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம் துறையில் அப்படி எழுதுகிறவர்கள் குறைவு, எழுதியதைப் படிக்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

இந்த விளையாட்டைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மண்வாரியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு எதிரியின் தலையில் குதித்துக் குதித்துப் போவது இதன் அடிப்படை அசைவு. 1989இல் என்இஎஸ்ஸுக்கு வந்த டக்டேல்ஸில் இதே குதியல் இருந்தது. அங்கே தாவிய பிறகு கீழ்விசையையும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஷவல் நைட்டில் தாவிய பிறகு கீழ்விசை மட்டும் போதும். ஒரு விரலின் வேலையைக் குறைத்ததால், அந்த அசைவை நம்பி எவ்வளவு கடினமான பள்ளத்தையும் வைக்கலாம் என்ற துணிவு லெவல் அமைப்பவருக்கு வந்துவிட்டது.

அதைவிட ஆழமான மாற்றம் சாவைப் பற்றியது. மூன்று உயிர், அவை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்ற வழக்கம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களிலிருந்து வீட்டுக் கன்சோலுக்கு வந்தது. வீட்டில் காசு போட யாரும் இல்லை, ஆனாலும் வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. சிறிய கேசட்டில் அடங்கிய சிறிய விளையாட்டை நீளமாகக் காட்டவும் அது உதவியது. 1985இல் ஆர்கேடில் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ் ஒருமுறை முடித்தவரை முதலிலிருந்து மறுபடி ஆடச் சொல்லி அனுப்பியது. ஷவல் நைட் உயிர்க் கணக்கையே எடுத்துவிட்டது. செத்தால் கையிலிருந்த பணத்தில் ஒரு பகுதி சிறகு முளைத்த பைகளாகச் செத்த இடத்தில் மிதக்கும். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம், எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான். வழியில் வரும் செக்பாயின்ட் விளக்குகளை உடைக்கலாம். உடைத்தால் பணம் கிடைக்கும், ஆனால் செத்த பிறகு அந்த இடத்திலிருந்து தொடங்க முடியாது. பழைய விளையாட்டில் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுந்த தண்டனையை, ஆடுகிறவர் தானே எடை போட்டு எடுக்கும் துணிவாக மாற்றிவிட்டார்கள். பழைய கன்சோலிலும் இதைச் செய்திருக்க முடியும், எந்தத் தொழில்நுட்பமும் தடுக்கவில்லை. அன்று அப்படிச் செய்யும் பழக்கம் இல்லை. புதிய ரெட்ரோ விளையாட்டு கற்றுத்தரக்கூடியது இதுதான்: பழையவற்றில் எவை கருவியால் வந்தவை, எவை வெறும் பழக்கத்தால் வந்தவை என்று பிரித்துப் பார்க்கும் கண்.

அந்தக் கண்ணோடு செய்யப்பட்ட இன்னொன்று, மேடி தார்சனும் நோயல் பெரியும் செய்து 2018இல் வந்த செலஸ்ட். அதன் முதல் வடிவம் பிக்கோ-8 என்ற கற்பனைக் கன்சோலுக்காக நான்கே நாளில் செய்யப்பட்டது. முழு விளையாட்டின் உள்திரை 320க்கு 180 பிக்சல். அதை ஆறால் பெருக்கினால் 1920க்கு 1080 சரியாக வரும். இன்றைய திரைகளில் பிக்சல் எங்கும் பிதுங்காமல் இருப்பதற்கு இந்த எளிய பெருக்கல்தான் காரணம். பிக்சல் விளையாட்டு தொடங்குகிறவர்கள் முதல் நாளே போட வேண்டிய கணக்கு இது, பலர் கடைசி வாரத்தில் போடுகிறார்கள்.

செலஸ்டில் கதாநாயகியின் அசைவுக்கான நிரலை அவர்கள் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். நம் வாசகர்கள் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் 0.1 விநாடிவரை தாவல் செல்லும். தாவும்போது தலை ஒரு மூலையில் இடித்தால், நான்கு பிக்சலுக்குள் இருந்தால் உடலைச் சற்று ஒதுக்கி மேலே விட்டுவிடும். தாவலின் உச்சியில் பட்டனை விடாமல் பிடித்திருந்தால் ஈர்ப்பு பாதியாகும். ஆடுகிறவர் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தன் கை சரியாக வேலை செய்கிறது என்று மட்டும் தோன்றும். 1986இல் வந்த காசில்வேனியாவில் ஒருமுறை தாவிவிட்டால் காற்றில் திசை மாற்ற முடியாது. செலஸ்ட் அந்தக் காலத்துக் கடுமையை லெவலில் வைத்துக்கொண்டு, கைக்கும் திரைக்கும் இடையே இருந்த கடுமையை மட்டும் நீக்கியது. அதற்கும் மேலாக, விளையாட்டின் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் உதவி முறை ஒன்றைக் கொடுத்தது. இதை இளக்காரம் என்று சொல்லும் பழைய ஆட்டக்காரர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஒரு கை சரியாக இயங்காதவரும் கதாநாயகி ஏறும் மலையின் உச்சியை அடைய வேண்டும் என்று விளையாட்டைச் செய்கிறவர் நினைப்பதில் என்ன இளக்காரம் இருக்க முடியும்?

பிக்சல் என்றால் செலவு குறைவு என்ற நம்பிக்கை நம் இளம் குழுக்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. முப்பரிமாண உருவத்துக்கு ஒருமுறை எலும்புக்கூடு பொருத்திவிட்டால் பல அசைவுகளுக்கு அதுவே உதவும். பிக்சலில் ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் வரைய வேண்டும், உடை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். டி-பேட் ஸ்டுடியோவின் அவுல்பாய் 2007இல் தொடங்கி 2016இல்தான் வெளிவந்தது. ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் தனி ஆளாக நான்கரை ஆண்டு செய்தார். அது நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது உலகுக்குத் தெரியும். அந்த நான்கரை ஆண்டைத்தான் தயாரிப்புத் திட்டம் போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கவனமில்லாத வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே திரையில் மூன்று அளவுப் பிக்சல்கள். பதினாறு பிக்சல் உருவம் வழுவழுவென்று சாய்ந்து சுழலும். கூரிய நவீன எழுத்துரு ஒன்று மேலே மிதக்கும். கேட்டால் பழைய பாணி என்பார்கள். பழைய கன்சோல் இவற்றில் எதையும் செய்திருக்க முடியாது. அன்றைய ஓவியர்கள் நாம் இன்று பார்க்கும் கூர்மையான சதுரங்களைப் பார்த்து வரையவும் இல்லை. குழாய் டிவியில் நிறங்கள் பக்கத்து நிறத்தோடு கசியும் என்று தெரிந்து வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக்கில் அருவி கம்பி கம்பியாக வரையப்பட்டிருக்கும். பழைய கேபிள் வழியாக டிவிக்குப் போகும்போது அந்தக் கம்பிகள் கலந்து தண்ணீர் ஊடுருவித் தெரிவது போலாகும். இன்றைய திரையில் கம்பிகள்தான் தெரிகின்றன. பழையதைப் பின்பற்றுகிறேன் என்பவர் எதைப் பின்பற்றுகிறார், கேசட்டில் இருந்ததையா, டிவியில் தெரிந்ததையா என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

முடிவு செய்துவிட்டுத் தொடங்கியவர்களின் வேலை பளிச்சென்று தெரிகிறது. லூகாஸ் போப்பின் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் இரண்டே நிறங்களில் ஒரு கப்பலையே முப்பரிமாணத்தில் கட்டி எழுப்புகிறது. மைக்ரோ மேஜஸ் என்ற விளையாட்டு 2019இல் உண்மையான என்இஎஸ்ஸிலேயே ஓடும்படி 40 கிலோபைட்டில் செய்யப்பட்டது, நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். 2024இல் டெரெக் யூவும் அவர் நண்பர்களும் வெளியிட்ட யூஎஃப்ஓ 50 இந்த வரிசையில் நாம் பெரிதும் மதிப்பது. எண்பதுகளில் இருந்ததாகக் கற்பனை செய்த ஒரு கன்சோலுக்கு ஐம்பது விளையாட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே 32 நிறங்கள். சில உடனே பிடிக்கும், சில எரிச்சலூட்டும். ஆனால் ஐம்பதையும் புரட்டிப் பார்க்கும் வடிவமைப்பாளர் கையில் ஒரு முழுப் பாடத்திட்டம் இருக்கும்.

அசலே போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அசலைச் சட்டப்படி வாங்கி விளையாடுவதே பலவற்றில் இயலாத காரியம். புதியவை அந்த மொழியைப் பேசுகிறவர்களை உயிரோடு வைத்திருக்கின்றன. அதற்காக அவை அசலுக்கு மாற்று ஆகிவிடாது. காப்பகப் பணி தனியாக நடக்கத்தான் வேண்டும்.

இந்த விளையாட்டுகளைச் செய்தவர்களின் நிலையிலிருந்து நம் நிலை வேறு. ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் இந்தப் பாணி தம் சிறுவயது மொழியில் வந்த நினைவு. நாம் ஆடிய கேசட்டுகளில் தமிழ் இல்லை. அட்டையில் பல நூறு விளையாட்டு என்று போட்டிருக்கும், உள்ளே சில பத்து இருக்கும். எழுத்து ஜப்பானியமோ ஆங்கிலமோ, படிக்காமலே ஆடினோம். அதனால் தமிழில் பழைய பாணி விளையாட்டைச் செய்ய வருகிறவருக்குப் பார்த்துச் செய்ய ஒரு முன்மாதிரி கிடையாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அங்கே உண்மையான தடை ஒன்று காத்திருக்கிறது. எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து வசதியாக உட்காரும். தமிழில் ன, ண இரண்டுக்கும் வேறுபாடு காட்டுவதற்குள் அகலம் தீர்ந்துவிடும். ஞ இன்னும் சிரமம். மெய்க்கு மேலே புள்ளிக்கு ஒரு பிக்சல், புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளிக்கு ஒரு பிக்சல், கூ, மூ போன்றவற்றுக்குக் கீழே இறங்க இடம். கட்டம் உயர்ந்தாக வேண்டும், உயர்ந்தால் உரையாடல் பெட்டியில் வரிகள் குறையும். இதோடு, ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்று எண்ணும் பிட்மேப் எழுத்துரு அமைப்புகளில் கொ, கோ எல்லாம் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். 1986இல் முதல் டிராகன் குவெஸ்ட்டைச் செய்தவர்கள் இடம் போதாமல் கட்டகானா எழுத்துகளில் சிலவற்றை மட்டும் கேசட்டில் வைத்து, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே தேர்ந்தார்கள். அப்படிப்பட்ட தீர்வுகளைக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. எந்த எஞ்சினும் இதை நமக்காகச் செய்து தராது.

ஆகவே வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த பிக்சல் விளையாட்டைத் தொடங்கும் முன், டக்டேல்ஸையும் ஷவல் நைட்டையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். பிறகு பிக்கோ-8இன் இலவசக் கல்விப் பதிப்பை உலாவியில் திறந்து, 128க்கு 128 திரையில், 16 நிறங்களில் ஒரு சிறிய விளையாட்டையாவது முடியுங்கள். இரண்டாவது, 12 அல்லது 16 பிக்சல் உயரத்தில் தமிழ் பிட்மேப் எழுத்துரு ஒன்றை உங்கள் குழு ஏற்கெனவே வரைந்திருந்தால், கொம்பு, துணைக்கால் சேர்க்கும் நிரலோடு அதைத் திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். ஒவ்வொரு குழுவும் அதே ண-வைத் தனித்தனியாக வரைந்துகொண்டிருக்கத் தேவையில்லை.