ஏழு குல்ச்சாவும் பத்து ராஜாவும்

ஹைதராபாத்துக்குக் குடிவரும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் சீக்கிரமே யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். முதலாம் ஆசஃப் ஜா பசியோடு ஒரு சூஃபி பெரியவரிடம் போனாராம். ஏழு குல்ச்சா ரொட்டி சாப்பிட்டாராம். "உன் வம்சம் ஏழு தலைமுறை ஆளும்" என்றாராம் பெரியவர். ஏழாவது நிஜாம் உஸ்மான் அலி கானோடு 1948-ல் ஆட்சி முடிந்தது. பார்த்தீங்களா, பலிச்சிடுச்சு!

பாங்க்காரன் புத்தி, கூட்டிப் பார்க்காமல் விடாது. முதல் நிஜாம் 1748-ல் இறந்தார். அதன்பின் 1762 வரை நாசிர் ஜங், முசாஃபர் ஜங், சலாபத் ஜங் என்று மூன்று பேர் ஆண்டிருக்கிறார்கள். ஆக மொத்தம் பத்து ராஜா. மூவருக்கும் ஆசஃப் ஜா பட்டக் கணக்கில் இடமில்லை. மூன்று என்ட்ரியை அடித்துவிட்டு டாலி ஆகிறது என்றால் எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

"அப்பா-பிள்ளை வரிசையில் ஏழு தலைமுறைதானே சார்?" என்பீர்கள். சரி, ஏழுதான். ஆனால் ஆட்சி ஏன் போச்சு என்பதற்கு அது பதில் இல்லையே!

பதில் வேறு இடத்தில் இருக்கிறது. 1798-லேயே இரண்டாம் ஆசஃப் ஜா கும்பெனியோடு துணைப்படை ஒப்பந்தம் போட்டுவிட்டார். அந்தப் படை தங்க வளர்ந்த ஊர்தான் செகந்திராபாத். நான் வாடகைக்கு இருக்கும் போவன்பள்ளி அந்த கன்டோன்மென்ட்டின் ஒரு மூலை. ஆங்கிலேயன் தயவில் நின்ற அரசு, அவன் போனதும் தனியாக நிற்க முடியவில்லை. 1946-லிருந்து தெலங்கானா விவசாயிகள் ஜமீன்களை எதிர்த்து ஆயுதம் எடுத்தார்கள். காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் கிராமங்களில் அட்டூழியம் செய்தார்கள். 1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்தே நாளில் முடிந்தது.

அதோடு முடிந்ததா? பிறகு நடந்த படுகொலைகளை விசாரித்த சுந்தர்லால் குழு, குறைந்தபட்சக் கணக்காகவே 27,000 முதல் 40,000 பேர் என்று எழுதியது. பெரும்பாலும் முஸ்லிம்கள். அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை.

என் கோபம் இதில்தான். "ரொட்டி ஏழு, விதி முடிஞ்சது" என்றால் ஜமீன்தாரும் தப்பிக்கிறான், ரஜாக்கரும் தப்பிக்கிறான், பின்னால் வந்து வெட்டியவனும் தப்பிக்கிறான். செத்தவன் மட்டும் கணக்கிலேயே வருவதில்லை.

நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் போனால் பதவி போய்விடும் என்று நம்பும் அரசியல்வாதிகள் நம்மிடம் இல்லையா? ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு அங்கே என்ன வேலை?

பிள்ளைகளுக்கு குல்ச்சா கதையைச் சொல்லுங்கள், நல்ல கதைதான். கூடவே அந்த ஐந்து நாளையும், அதற்கு முன்னும் பின்னும் செத்தவர்களையும் சொல்லுங்கள்.