பெயரால் விளையும் கொடுமை

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண சர்க்கார் குஷ்டரோக ஆஸ்பத்திரி ஒன்றை ஸ்தாபித்தனர். 1955இல் மத்திய சர்க்கார் அதனை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமுரிய மத்திய நிலையமாக்கினர். குஷ்டம் எது, குஷ்டமல்லாதது எது என்பதை வேறெந்த ஊராரையும்விட இந்த ஜில்லாவாசிகள் நன்கறிந்திருக்க வேண்டும். ஆயினும், தோலில் வெண்ணிறத் திட்டுத் தோன்றியவரை ‘வெண்குஷ்டக்காரர்’ என்றழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பிற பாகங்களைப் போலவே இங்கும் ஒழிந்தபாடில்லை.

குஷ்டம் கிருமியால் உண்டாவது. அக்கிருமியை நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் 1873இல் கண்டார். வெண்புள்ளியைப் பரப்பும் கிருமி எதுவும் கிடையாது. தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்களை உடலின் காவற்சக்தியே பகையென்று மயங்கி அழித்துவிடுவதால் நிறம் போகிறது. தொட்டால் ஒட்டாது, உடனிருந்து உண்டால் பரவாது. குஷ்டத் திட்டில் உணர்ச்சி மரத்துப்போகும். வெண்புள்ளியின் மீது எறும்பு கடித்தாலும் தெரியும். இவ்வாறு கூறுவதால் குஷ்டரோகிகளை ஒதுக்கலாம் என்பது நமது அபிப்பிராயமன்று. அந்நோயும் இன்று மருந்தால் முற்றும் குணமாவதே. ஒரு நோயின் மீதுள்ள பழைய பீதியை, அதனோடு சம்பந்தமே இல்லாத மற்றொன்றின் தலையில் ஏற்றுவது எவ்வளவு அநியாயம் என்பதே நமது கேள்வி.

அநியாயத்தின் பாரம் முழுவதும் பெண்கள் மீதே விழுகிறது. கழுத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால் நிச்சயதார்த்தம் நின்றுபோகிறது. தாய்க்கு இருந்தால் மகளைப் பெண் கேட்டு வருவாரில்லை. மணமான பின் தோன்றினாலோ, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விவாகரத்துக்குரிய காரணங்களிலிருந்து குஷ்டத்தையே 2019இல் பார்லிமெண்டு நீக்கிவிட்டது. வெண்புள்ளியோ, ஹிந்து விவாகச் சட்டம் 1955இல் பிறந்த நாள் முதல் அதில் ஒரு காரணமாக இடம் பெற்றதே இல்லை. சட்டம் சொல்லாத தண்டனையை நமது வீட்டுத் திண்ணைகள் விதித்துக்கொண்டிருக்கின்றன!

மீனையும் பாலையும் சேர்த்து உண்டதால் இது வந்தது என்பாரும் உளர். இதற்கு யாதோர் ஆதாரமும் இல்லை. மீனும் மோரும் ஒருவேளை உணவிலேயே சேர்வது கடற்கரையில் புதுமையா? அதுவே காரணமானால், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை குப்பங்களெல்லாம் வெளுத்திருக்க வேண்டுமே! அம்மீனவருக்கு உண்மையில் வேண்டிய எச்சரிக்கை வேறு. நிறமிழந்த தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். கடலுக்குப் போவோர் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் அணிவது நலம். சிகிச்சையும் இல்லாமலில்லை. களிம்புகள், புற ஊதாக் கதிர், தோல் ஒட்டுதல் ஆகியவற்றால் பலருக்கு நிறம் ஓரளவேனும் திரும்புகிறது; எல்லோருக்கும் அல்ல. ‘ஒரே மாதத்தில் பூர்ண குணம்’ என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

தாம்பரத்தைச் சேர்ந்த வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தார் இப்பெயர் மாற்றத்துக்காக நெடுநாள் உழைத்தனர். ‘வெண்குஷ்டம்’ என்பதை விடுத்து ‘வெண்புள்ளி’ என்றே வழங்கும்படி தமிழக சர்க்காரும் 2010இல் உத்தரவிட்டனர். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. பழைய சொல்லோ நாவில் இருக்கிறது. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் இதில் பொறுப்பற்றவர்களல்ல.

தொண்டர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். தீர்மானம் நிறைவேற்றுவதில் நம்மவர் எவருக்கும் சளைத்தவரல்லர். இம்முறை தீர்மானம் வேண்டாம். ஜூன் 25 உலக வெண்புள்ளி தினம். அதற்குள் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒருவர் சென்று, தனியே உட்கார்த்தப்பட்ட குழந்தை எங்கேனும் உண்டா என்று விசாரிக்கட்டும். இருந்தால், அன்றே அக்குழந்தையை மற்றவர்களோடு ஒரே பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு வரட்டும்.